இரவற்குரல்

வட இலங்கையின் வன்னியில் யுத்தத்தினால் மின்சாரம் இல்லாதிருந்த காலத்தில் நாங்கள் வானொலி கேட்ட முறையை இன்றைய இளைஞரிடம் சொன்னால் கட்டுக்கதை என்றே எண்ணுவர். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, இருக்கையும் கைபிடியும் நிலத்திற் படும்படி நிறுத்தி, சில்லோடு உராயுமாறு டைனமோவைச் சாய்த்துவிட்டு, அதிலிருந்து வரும் வயரை வானொலிப் பெட்டியிற் கொளுவி, ஒருவர் பெடலைக் கையாற் சுழற்ற, ஏனையோர் சுற்றியிருந்து செவிகொடுப்பதே அன்றைய வழக்கம். பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களுள் ஒன்றாயிருந்த 1990களில், முள்ளியவளையில் நாங்கள் இடம்பெயர்ந்து தங்கியிருந்த கொட்டிலின் முற்றத்தில், இரவு 9.15க்கு வரும் பி.பி.சி. தமிழோசைக்காக அக்கம்பக்கத்தார் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவர். பெடல் சுற்றும் உத்தியோகம் சிறுவனாயிருந்த எனக்கு வாய்த்தது. கை தளர்ந்தால் அறிவிப்பாளரின் குரல் மெலிந்து, கரகரத்து, அடங்கிப்போகும். "தம்பி, விடாமச் சுத்து, செய்தி போகுது" என்று பெரியப்பா அதட்டுவார்.

குரல் லண்டனிலிருந்து வருகிறது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அது என் தோள்மூட்டிலிருந்து வருகிறது என்பது என் அந்தரங்க நம்பிக்கையாயிருந்தது. 1941ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கிய அந்தத் தமிழோசை 2017 ஏப்ரலில் வானொலியிலிருந்து விடைபெற்றபோது, பலரும் அறிவிப்பாளர்களின் பெயர்களை நினைவுகூர்ந்து எழுதினார்கள். எனக்கோ பெடல்தான் நினைவுக்கு வந்தது. கேட்பவன் தன் உடல் வருத்தத்தால் உயிர்கொடுத்த குரல், சொல்பவனுக்கு மாத்திரம் சொந்தமாகுமா என்ற வினா, அந்தச் சிறுவயதில் வினாவென்று அறியப்படாமலே என் உள்ளத்தில் விழுந்துவிட்டது. பிற்காலத்தில் ஒலிவாங்கிக்கு முன்னால் அமர்ந்து புகழ்பெற்றவர்கள் சிலர் பாராளுமன்ற ஆசனத்திற்குச் சென்றதைப் பார்த்தபோதெல்லாம் அவ்வினா மீண்டும் எழுந்து, இம்முறை சற்று விரிந்த வடிவில், என்னைத் தொந்தரவு செய்திருக்கிறது.

சக்தி தொலைக்காட்சியில் "மின்னல்" என்னும் அரசியல் விவாத நிகழ்ச்சியை நடத்தி, இலங்கைத் தமிழர் வீடுகளிலெல்லாம் அறிமுகமான ஜே. ஸ்ரீரங்கா, 2010ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் ஐக்கிய தேசிய முன்னணியின் பட்டியலில் நுவரெலியா மாவட்டத்தில் நின்று பாராளுமன்ற உறுப்பினரானார். தமிழகத்தில், சன் தொலைக்காட்சியின் "நேருக்கு நேர்" நிகழ்ச்சியில் அரசியல்வாதிகளை எதிரில் இருத்திக் கேள்வி கேட்டுப் பெயர்பெற்ற ரபி பெர்னார்ட், பின்னர் அ.இ.அ.தி.மு.க.வின் சார்பில் இந்திய மாநிலங்களவைக்குச் சென்றார். நுவரெலியா மலைநாடாயினும் எங்களுக்கு அந்நியமானதன்று. 1958, 1977ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்கு அஞ்சி மலையிலிருந்து இறங்கிவந்த குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு திருத்திக் குடியேறி எங்கள் அயலவராயின. அவர்களுடைய மாமன் மச்சான்மார் அங்கே இட்ட வாக்கு இங்கேயும் பேசப்பட்டது. ஸ்ரீரங்காவும் பெர்னார்ட்டும் சபையிற் சாதித்தது எது, சாதிக்காதது எது என்று கணக்கெடுப்பது என் நோக்கமன்று. கேள்வி கேட்கும் ஆசனத்திலிருந்து பதில் சொல்ல வேண்டிய ஆசனத்துக்கு ஒருவர் கூடுவிட்டுக் கூடு பாயும்போது, அவரோடு கூடச் செல்வது எது, பழைய கூட்டிலேயே தங்கிவிடுவது எது என்பதே இங்கு விசாரத்துக்குரியது.

அறிவு பிறக்கும் வாயில்களைச் சைவ சித்தாந்திகள் காண்டல், கருதல், உரை என்று மூன்றாக வகுத்தார்கள். நேரிற் காண்பது முதலாவது. கண்டதைக்கொண்டு காணாததை ஊகிப்பது இரண்டாவது. நம்பத்தக்கவன் சொல்லக் கேட்டு அறிவது மூன்றாவது. நம்பத்தக்கவனை வடநூலார் ஆப்தன் என்பர். விஷயத்தை உள்ளபடி அறிந்தவனாயும், அறிந்ததை வஞ்சகமின்றிச் சொல்லும் விருப்பமுடையவனாயும் இருப்பவனே ஆப்தன் என்பது நியாய நூலாரின் கருத்து. ஆக ஆப்தனுக்கு இலக்கணம் இரண்டு: அறிவு ஒன்று, நேர்மை மற்றொன்று. வானொலியென்பது முழுக்க முழுக்க உரையளவையினால் இயங்கும் சாதனம். முகம் தெரியாத ஒருவரின் சொல்லை, அவர் ஆப்தர் என்ற ஒரே ஆதாரத்தின்மேல், பதுங்குகுழி வாயிலில் அமர்ந்திருந்த சனங்கள் நம்பினார்கள். அந்நம்பிக்கையைக்கொண்டே இரவோடிரவாக மூட்டை கட்டுவதா, விடியும்வரை பொறுப்பதா என்று தீர்மானித்தார்கள்.

அவ்வாறு ஈட்டப்பட்ட நம்பிக்கை, ஒரு துறையிலிருந்து மற்றொரு துறைக்கு மாற்றத்தக்கதா? கைராசியுள்ள நாட்டு வைத்தியரிடம் காணிப் பிணக்கையும் கொண்டுபோய்த் தீர்ப்புக் கேட்பது எங்கள் ஊர்களின் வழக்கம். அதை அறியாமையென்று நான் தள்ளமாட்டேன். வைத்தியருக்குக் காணிச் சட்டம் தெரியாதென்பது கேட்பவருக்கும் தெரியும். ஆயினும் அவர் பக்கஞ்சாரார் என்பது தெரிந்திருப்பதால் போகிறார்கள். ஆப்தனின் இரு இலக்கணங்களுள் அறிவு துறைவிட்டுத் துறை செல்லாது, நேர்மை செல்லும் என்பது அச்சனங்களின் எழுதாச் சாத்திரம். அச்சாத்திரத்தின்படி பார்த்தால் ஒலிபரப்பாளருக்கு வாக்களிப்பது தகுதியான செயலே. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. செய்தி வாசிப்பவருக்குக் குரல்தான் சொந்தம். அவர் வாசிக்கும் சொற்கள் மற்றொருவர் எழுதி, வேறொருவர் திருத்தி, ஒரு நிறுவனம் ஒப்பமிட்டுத் தந்தவை. நாம் அவருடைய நேர்மையென்று நம்பியது ஒருகால் அந்நிறுவனத்தின் கட்டுப்பாடாயிருந்திருக்கலாம். குரலின் இனிமையை நெஞ்சின் வாய்மையாகக் கொண்டுவிடுவது செவிக்கு இயல்பான மயக்கம். வள்ளுவர் வாய்மைக்கு ஓர் அதிகாரமும் சொல்வன்மைக்கு மற்றோர் அதிகாரமும் தனித்தனியே வகுத்து, முன்னதை அறத்துப்பாலிலும் பின்னதைப் பொருட்பாலிலும் வைத்ததில், இம்மயக்கத்துக்கு ஓர் எச்சரிக்கை இருக்கிறதென்றே எண்ணுகிறேன்.

இனி, நேரே கண்டதைச் சொல்பவனின் நிலையை நோக்குவோம். மகாபாரதத்துச் சஞ்சயனை உலகின் முதல் ஒலிபரப்பாளன் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வியாசர் அளித்த திவ்விய திருஷ்டியினாற் குருக்ஷேத்திரத்தைக் கண்டு, கண்ணில்லாத திருதராட்டிரனுக்கு எடுத்துரைத்தவன் அவன். அவன் சரித்திரத்தில் இரு செய்திகள் பெரும்பாலும் மறக்கப்படுகின்றன. போர் தொடங்குமுன் அவனே திருதராட்டிரனின் தூதனாகப் பாண்டவரிடம் அனுப்பப்பட்டான். இராச்சியத்தில் ஒரு பங்கும் தருவதாகச் சொல்லாமல், சமாதானத்தின் மேன்மையை மாத்திரம் எடுத்துச் சொல்லும்படி ஏவப்பட்ட அந்தச் சங்கடமான தூதை, அவன் ஏவியபடியே நிறைவேற்றினான். போரின் இறுதி நாளில் சாத்தகியின் கையில் அகப்பட்டு, கொல்லப்படும் தறுவாயில் வியாசரால் விடுவிக்கப்பட்டான். பிறர் பொருட்டுப் பேசிய பிரதிநிதியாகவும், கண்டதை உரைத்த சாட்சியாகவும், களத்தில் உயிரை இழக்கப் பார்த்த மனிதனாகவும் ஒருவனே நிற்கிறான். துரியோதனன் மாண்டதும் அத்திவ்விய திருஷ்டி அவனைவிட்டு நீங்கிற்று என்று அக்கதை கூறுகிறது. பார்வையும் இரவல்; உரியவன் கொடுத்தான், காரியம் முடிந்ததும் எடுத்துக்கொண்டான்.

சாட்சி என்னும் சொல்லுக்கு வேதாந்திகள் பெருமதிப்பு அளித்தனர். நாடகசாலையில் எரியும் விளக்கு, ஆடுபவரையும் காண்பவரையும் ஒருங்கே விளக்கி, எல்லாரும் எழுந்துபோன பின்பும் தான் மாறாது எரிவதுபோல, ஆன்மா வினையிற் படாது நிற்கிறது என்பர். ஆயினும் விளக்கின் உதாரணம் மனிதருக்கு முழுவதும் பொருந்துமா? பிரித்தானியாவின் மார்ட்டின் பெல் என்பவரை இங்கு நினைக்கத் தோன்றுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக பி.பி.சி.யின் யுத்த நிருபராயிருந்து, 1992இல் சரயேவோ நகரில் ஷெல் துண்டு பட்டுக் காயமுற்ற அவர், நன்மைக்கும் தீமைக்கும் நடுவே நிருபன் சமதூரத்தில் நிற்பதாகாது, அறிவதோடு அக்கறையும் கொள்ளவேண்டும் என்று வாதிட்டவர். 1997ஆம் ஆண்டுத் தேர்தலில், பாராளுமன்றத்தில் கேள்வி கேட்பதற்குப் பணம் பெற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஓர் உறுப்பினருக்கு எதிராக, வெள்ளை உடையும் சுயேச்சைக் கொடியுமாக டாட்டன் தொகுதியில் நின்றார். தொழிற் கட்சியும் லிபரல் ஜனநாயகக் கட்சியும் தம் வேட்பாளரை விலக்கிக்கொள்ள, 11,077 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். ஒரு தவணைதான் இத்தொகுதியில் இருப்பேன் என்ற வாக்கைக் காப்பாற்றி 2001இல் அதை விட்டு நீங்கி, வேறு தொகுதியிற் போட்டியிட்டுத் தோற்றார். சாட்சி கர்த்தாவாக மாறிய இச்சரித்திரத்தில் என்னை மிகவும் கவர்வது வெற்றியன்று, தவணை முடிந்ததும் ஆசனத்தைத் திருப்பிக் கொடுத்ததே. சஞ்சயனின் பார்வையைப்போல அந்த ஆசனமும் இரவல் என்பதை அவர் அறிந்திருந்தார்.

சாட்சி நின்று எரிவதே போதுமா, அது எழுந்து நடக்கவும் வேண்டுமா என்ற தர்க்கம் எங்களுக்கு ஏட்டு விஷயமன்று. 2008 செப்டம்பரில் ஐக்கிய நாடுகளின் சர்வதேசப் பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது, அவர்களின் அலுவலகத்தின் முன்னால் சனங்கள் திரண்டு, போகவேண்டாம் என்று மன்றாடினார்கள். அவர்கள் தங்கினால் ஷெல் விழாது என்று அச்சனங்கள் எண்ணியிருக்கலாம். விழுந்தாலும் விழுந்ததென்று சொல்ல ஒருவராவது இருப்பார் என்பதும் அம்மன்றாட்டத்தின் உட்பொருளாயிருந்தது. அதற்கு முந்திய ஆண்டு நவம்பர் 27ஆந் திகதி, கிளிநொச்சியில் இயங்கிய புலிகளின் குரல் வானொலி நிலையம் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்காகி, அதன் பணியாளரும் மாண்டனர். யுனெஸ்கோவின் தலைவர் அதைக் கண்டித்தார். உண்மையைச் சொல்வதானால், அரசின் வானொலி அரசுக்கும் புலிகள் இயக்கத்தின் வானொலி இயக்கத்துக்கும் உரியனவாயிருந்தன. இரண்டிலும் தன் பெயரைச் சொல்லிப் பேச இயலாத சனம் ஒன்று நடுவே இருந்தது. குரல்கள் மலிந்திருந்த தேசத்தில் குரலற்றிருந்த அச்சனத்துக்காகப் பேச ஒருவர் வேண்டும் என்பதில் ஐயமில்லை. பிறர் துயரைப் பேச ஒருவருக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதிலேதான் ஐயம்.

இவ்வையம் எழும்போது என் நினைவு எங்கள் அம்மனிடமே செல்லும். முல்லைத்தீவில் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு வைகாசிப் பொங்கலன்று சென்றவர்கள், கடலிலிருந்து எடுத்துவந்த உப்புநீரில் விளக்கெரியும் அதிசயத்தைக் கண்டு தொழுதிருப்பர். அங்கு குடிகொண்டவள் கண்ணகி. மதுரையை எரித்தபின் ஈழத்துக்கு வந்து தங்கித் தங்கிச் சென்ற இடங்களுள் பத்தாவது இது என்பது ஐதிகம். அரசவையொன்றில் நின்று பேசிய பெண்ணை வன்னி மக்கள் தெய்வமாகக் கொண்டது தற்செயலன்று என்று நான் பல தடவை எண்ணியதுண்டு. பாண்டியன் சபையில் அவளுக்காகப் பேச ஒரு பிரதிநிதி இருக்கவில்லை, இழந்தவளே பேசினாள். அவள் பேச்சு வலிமையுடையதாயினும், தீர்ப்பைத் திருப்பியது பேச்சன்று. தேவியின் சிலம்பில் இருப்பது முத்தென்று அரசன் சொல்ல, தன் சிலம்பில் இருப்பது மாணிக்கமென்பதை, அதை உடைத்து, அரசன் கண்ணெதிரே காட்டிய செயலே. அவள் உரையளவையைக் காண்டலளவையாக மாற்றினாள்.

2017 பெப்ரவரி 20ஆந் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் அமர்ந்து போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரும், அதே மாதத்தில் வவுனியாவில் அமர்ந்தவர்களும், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் புகைப்படங்களைக் கையில் ஏந்தியிருப்பதைக் காண்கையில், எனக்கு அந்தச் சிலம்பே நினைவுக்கு வரும். அவர்களிடம் உறுப்பினர் வருவார், அமைச்சர் வருவார், ஒலிவாங்கியோடு நிருபர் வருவார். வந்தவர் அனைவரும் அவர்களுக்காகப் பேசினார்கள். பேசியவர்களில் சிலர் உள்ளம் உருகிப் பேசியதையும் மறுக்கமாட்டேன். ஆயினும் தாய் "என் பிள்ளை" என்கிறாள்; உறுப்பினரால் அச்சொல்லைச் சொல்ல இயலாது. நிருபர் "அவர்களின் பிள்ளைகள்" என்கிறார்; உறுப்பினர் அப்படிச் சொன்னால் அது அவருடைய பதவிக்குத் தகாது. ஆகையால் அவர் "எங்கள் பிள்ளைகள்" என்கிறார். இந்த விசாரம் முழுவதும் அந்த ஒரு பன்மைக்குள் அடங்கிக் கிடக்கிறது.

தமிழிலக்கணம் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று இடத்தை மூன்றாக வகுத்தது. இழந்தவள் பேசுவது தன்மை ஒருமையில். ஒலிபரப்பாளன் பேசுவது படர்க்கையில். பிரதிநிதி பேசுவது தன்மைப் பன்மையில். ஒலிபரப்பிலிருந்து பாராளுமன்றத்துக்குச் செல்பவர் உண்மையில் செய்யும் பிரயாணம், படர்க்கையிலிருந்து தன்மைப் பன்மைக்குச் செய்யும் பிரயாணமே. தூரம் கொஞ்சம், பாரம் அதிகம். தமிழ் இத்தன்மைப் பன்மையை மேலும் இரண்டாகப் பிரித்து, கேட்பவனையும் உள்ளடக்கும்போது "நாம்" என்றும், அவனைப் புறம் நிறுத்தும்போது "நாங்கள்" என்றும் வழங்குகிறது. எங்கள் பேச்சுவழக்கிலோ "நாங்கள்" என்பதே இரண்டுக்கும் நிற்கும். "நாங்கள் போவம், வாங்கோ" என்றால் நீங்களும் உள்ளே; "நாங்கள் முடிவெடுத்திட்டம்" என்றால் நீங்கள் வெளியே. ஒரே சொல் கதவைத் திறக்கவும் செய்கிறது, சாத்தவும் செய்கிறது. எது நேர்ந்ததென்பது குறிப்பினால் மாத்திரம் அறியத்தக்கது. அரசியல்வாதி ஒளிந்துகொள்வதற்கு இதைவிட வசதியான இடம் மொழியில் வேறில்லை. சபையிலே அரசாங்கத்தை நோக்கி அவர் சொல்லும் "நாங்கள்" சனங்களைக் குறிப்பது. ஊருக்குத் திரும்பிச் சனங்களை நோக்கிச் சொல்லும் "நாங்கள்" கட்சியைக் குறிப்பது. ஒருவர் உறுப்பினரான பின்னும் ஒலிவாங்கியைக் கைவிடாதிருப்பாராயின் சிக்கல் இரட்டிக்கும். அவர் படர்க்கையிற் பேசுவதுபோலத் தோன்றும், பேசப்படுவதோ தாமே.

இச்சொல்லின் பாரத்தை வன்னி அனுபவித்து அறிந்திருக்கிறது. 1983 ஓகஸ்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம், பிரிவினையை நிராகரிக்கும் சத்தியப்பிரமாணத்தை ஒவ்வோர் உறுப்பினரிடமும் கேட்டது. எந்தச் சொல்லுக்காகச் சனங்கள் 1977இல் தமக்கு வாக்களித்தார்களோ அந்தச் சொல்லை மறுத்துரைப்பதைவிட ஆசனத்தை இழப்பதே மேல் என்று தமிழர் விடுதலைக் கூட்டணியினர் நின்றனர். வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய மூன்று தொகுதிகளும் அவ்வாறு வெறுமையாயின. 1989 தேர்தல்வரை எங்கள் பெயரால் அச்சபையிற் பேச ஒருவரும் இல்லை. அவர்கள் செய்தது சரியா என்று இன்றும் எங்கள் திண்ணைகளில் வாதம் ஓய்ந்தபாடில்லை. இரவல் வாங்கிய குரலைப் பழுதாக்காமல் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது ஒரு பக்கம். பேச அனுப்பப்பட்டவர்கள் பேசாதிருந்தார்கள் என்பது மறுபக்கம். மௌனமும் ஒரு சொல்லாகலாம். ஆயினும் மௌனத்தைச் சபை உரைப்பதிவான ஹன்சாட்டில் அச்சிட இயலாது.

பேசும் உறுப்பினரின் குரலோ சபைக்குள்ளேயும் மற்றோர் இரவலுக்கு ஆட்பட்டது. இலங்கைப் பாராளுமன்றத்தில் தமிழில் ஆற்றப்படும் உரையை, கண்ணாடி அறைக்குள் அமர்ந்திருக்கும் உரைபெயர்ப்பாளர்கள் அக்கணமே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல்கிறார்கள். செவிக்கருவியை எடுத்து மாட்டியவருக்கு அது கருத்து, மாட்டாதவருக்கு வெறும் ஓசை. உலகத்து வாக்கைச் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என்று நான்கு படியாகக் கண்ட சித்தாந்திகள், காதிற் கேட்கும் வைகரி வாக்கையே கடைசிப் படியாக வைத்தனர். தாயின் நெஞ்சிற் சூக்குமமாய்க் கிடந்த துயரம், அவள் வாய்வழி வந்து, உறுப்பினரின் வாய்வழி வந்து, உரைபெயர்ப்பாளரின் வாய்வழி வந்து, அமைச்சரின் செவியை அடையுமுன் எத்தனை கைமாறுகிறது! வானொலியில் வளர்ந்த குரலுக்கு இங்கே சிறப்பான சலுகை ஒன்றுமில்லை. உரைபெயர்ப்பாளரைக் கடக்கும்போது குரலின் இனிமை முற்றாக உதிர்ந்துவிடும். சொன்னதில் மாணிக்கம் இருந்ததா முத்து இருந்ததா என்பது மாத்திரம் மிஞ்சும்.

ஆகவே என் முடிபு இது. ஒலிபரப்பாளர் பாராளுமன்றம் செல்வது தகாததன்று. கண்டவன் எழுந்து நடப்பதை எந்தத் தருமமும் தடுக்காது. குரல் தம்முடையது என்ற எண்ணத்தோடு செல்வதே தகாதது. பெடல் சுற்றிய கைகளை மறந்த அறிவிப்பாளர், எத்தனை இலட்சம் செவிகளைக் கவர்ந்திருப்பினும், தம் எதிரொலியைத் தாமே கேட்டு மகிழ்ந்தவராவார். வாக்களித்த கைகளை மறந்த உறுப்பினரும் அப்படியே. இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் நாள் ஒன்று உண்டென்று நினைத்திருப்பவரே பிரதிநிதி என்ற பெயருக்கு உரியவர்.

அடுத்த தேர்தலிலும் நல்ல குரலுடையவர்கள் எங்கள் ஒழுங்கைகளுக்கு வருவார்கள். அவர்களுடைய பேச்சை முழுவதும் கேளுங்கள். கேட்பது நம் பழக்கம், அதில் நாம் தேர்ந்தவர்கள். கேட்டு முடிந்தபின் மரியாதையோடு ஒரேயொரு வினாவை வினாவுங்கள்: "ஐயா, நீங்கள் 'நாங்கள்' என்று சொல்கிறீர்களே, அதற்குள் நான் இருக்கிறேனா?"